எருசலேம் தீர்மானத்தின் நான்கு விலக்குகள்: பாடபேதமும் அறநெறி வரலாறும்

கிறித்தவ அறநெறிக்கும் யூதத் திருச்சட்டத்திற்கும் உள்ள உறவு யாது என்னும் வினாவிற்குப் பொதுவாகத் தரப்படும் விடை ஒன்று உண்டு. மோசேயின் சட்டத்துள் அறம் சார்ந்த பகுதி நிலைத்தது, சடங்கு சார்ந்த பகுதி நீங்கியது என்பதே அது. பத்துக் கட்டளைகள் நின்றன, பன்றியிறைச்சி விலக்கு போயிற்று என இதனை எளிமையாக்கியும் கூறுவர். இவ்விடையில் ஓர் இடர்ப்பாடு உள்ளது. அறம், சடங்கு என்னும் பாகுபாடு மோசேயின் ஐந்நூலில் இல்லை. தன்மீது அன்புகூர்வதுபோல் அடுத்திருப்பவர்மீதும் அன்புகூர வேண்டும் என்னும் கட்டளை லேவியர் நூல் 19ஆம் அதிகாரத்தின் 18ஆம் வசனத்தில் உள்ளது. இருவகை நூலிழை கலந்த ஆடையை அணியலாகாது என்பது அதற்கு அடுத்த வசனத்திலேயே வருகிறது. முன்னது அறம், பின்னது சடங்கு என்று பிரிக்கும் கோடு எதுவும் மூலநூலில் இடப்படவில்லை. இரண்டும் ஒரே இறைவனின் ஆணைகளாக ஒரே குரலில் ஒலிக்கின்றன.

எனின் அக்கோட்டை வரைந்தவர் எவர், அது எங்ஙனம் வரையப்பட்டது என்பது ஆராயத்தக்கது. இதற்குக் கோட்பாட்டு நூல்களைக் காட்டிலும் ஒரு சிறு ஆவணத்தின் வரலாறு மிகுதியும் துணைசெய்கிறது. திருத்தூதர் பணிகள் 15ஆம் அதிகாரத்தில் காணப்பெறும் எருசலேம் தீர்மானமே அவ்வாவணம். பிற இனத்துக் கிறித்தவர் திருச்சட்டத்துள் எவற்றைக் கைக்கொள்ள வேண்டும் என்பதுபற்றித் தொடக்கத் திருச்சபை பொதுவில் எடுத்ததாகப் புதிய ஏற்பாடு பதிவுசெய்யும் முடிவு இதுவே. அம்முடிவு நான்கு விலக்குகளைக் கொண்டது. அவற்றுள் மூன்று மேலைத் திருச்சபையின் நடைமுறையிலிருந்து மறைந்தன. ஒன்று மட்டும் அறமாக நின்றது. அதற்கும் மேலாக, அத்தீர்மானத்தின் வாசகமே சுவடிக்குச் சுவடி வேறுபட்டது. அறம், சடங்கு என்னும் பிரிவு உருவான பாதையை அந்த வேறுபாட்டிலேயே காணமுடிகிறது.

தீர்மானம் எழுந்த சூழல்

யூதேயாவிலிருந்து அந்தியோக்கியாவிற்கு வந்த சிலர், விருத்தசேதனம் செய்துகொள்ளாதவர் மீட்படைய இயலாது என்று போதித்தனர். அதனால் எழுந்த பூசலைத் தீர்க்க ஏறத்தாழ கி.பி. 49இல் எருசலேமில் திருத்தூதரும் மூப்பரும் கூடினர். பேதுருவும் பர்னபாவும் பவுலும் பேசிய பின்னர் யாக்கோபு தம் முடிவைக் கூறினார். பிற இனத்தார்மீது விருத்தசேதனத்தைச் சுமத்தவேண்டியதில்லை; ஆயினும் சிலைகளுக்குப் படைக்கப்பட்டவை, இரத்தம், கழுத்து நெரிக்கப்பட்டுச் செத்தவை, பரத்தைமை ஆகிய நான்கையும் அவர்கள் விலக்கவேண்டும். இது மடலாக எழுதப்பட்டு அந்தியோக்கியா, சிரியா, சிலிசியா ஆகிய இடங்களிலிருந்த பிற இனத்துக் கிறித்தவர்க்கு அனுப்பப்பட்டது.

அக்கூட்டத்தில் கேட்கப்பட்ட வினா எது என்பதில் தெளிவு வேண்டும். திருச்சட்டம் ஒழிந்ததா என்பது அன்று. அங்குக் கூடியிருந்தோர் யூதர். அதே நூலின் 21ஆம் அதிகாரத்தில் யாக்கோபு பவுலிடம் பேசுகையில், நம்பிக்கை கொண்ட யூதர் ஆயிரக்கணக்கில் உளர் என்றும் அவர்கள் அனைவரும் திருச்சட்டத்தில் ஆர்வமுடையோர் என்றும் கூறுகிறார். தம்மைச் சட்டம் கட்டுப்படுத்துமா என்னும் ஐயமே அவர்களிடம் இல்லை. யூதரல்லாதவர் யூதராக மாறாமலேயே உள்ளே வரலாமா என்பதொன்றே வினா.

நான்கு விலக்குகளுள் மூன்று உணவு பற்றியன, ஒன்று பாலொழுக்கம் பற்றியது. தொடர்பற்றவைபோல் தோன்றும் இவை ஏன் ஒருங்கு வைக்கப்பட்டன? இதற்குப் பலர் ஏற்கும் விளக்கம் லேவியர் நூல் 17, 18ஆம் அதிகாரங்களிலிருந்து கிடைக்கிறது. இசுரயேலரோடு வாழும் அன்னியர்க்கும் உரியனவாக அங்குச் சில ஆணைகள் கூறப்படுகின்றன. முறையற்ற பலி, இரத்தம் உண்ணுதல், இரத்தம் வடிக்கப்படாத இறைச்சி, தகாத பாலுறவு என்பன அவை. மடலில் நான்கு விலக்குகளும் இதே வரிசையில் அமைந்திருத்தல் நோக்கத்தக்கது. நோவாவின் வழித்தோன்றல்களாகிய மாந்தர் அனைவர்க்கும் உரியனவாக யூத மரபு வகுத்த ஏழு கட்டளைகளோடு இவற்றை ஒப்பிடுவாரும் உளர். அவ்வேழின் பட்டியலை நாம் காணும் தொசெஃப்தா என்னும் தொகுப்பு காலத்தால் பிந்தியது, வரிசையும் பொருந்தவில்லை. ஆதலின் லேவியர் நூல் வழிப்பட்ட விளக்கமே வலுவுடையதாகத் தோன்றுகிறது.

இவ்விளக்கம் சரியெனின் பின்வருவதும் பெறப்படும். எருசலேம் தீர்மானத்தைத் திருச்சட்டத்தின் தளர்வு என்று கொள்வது பிழை. அது சட்டத்தின் பிரயோகம். அன்னியன் எதைச் செய்யவேண்டும், எதைச் செய்யவேண்டியதில்லை என்று சட்டமே வகுத்திருந்தது. யாக்கோபு அதனை எடுத்துக் காட்டினார். யூதரும் பிறரும் ஒரே பந்தியில் அமர்வதற்கான குறைந்த அளவு நிபந்தனைகளாகவும் இவை அமைந்தன. அப்பந்தி எத்துணைச் சிக்கலுடையதாக இருந்தது என்பதைக் கலாத்தியர் திருமுகத்தின் 2ஆம் அதிகாரம் காட்டும். அந்தியோக்கியாவில் பிற இனத்தாரோடு உண்டுவந்த பேதுரு, யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் விலகிக்கொண்டார். பவுல் அவரை நேருக்கு நேர் கண்டித்தார். பவுல் தம் திருமுகங்களில் எங்கும் இந்நான்கு விலக்குகளைக் குறிப்பிடவில்லை என்பதும் எண்ணத்தக்கது. சிலைகளுக்குப் படைத்த உணவுபற்றிக் கொரிந்தியர்க்கு மூன்று அதிகாரங்களில் வாதிடுபவர், எருசலேம் மடலை ஒருமுறையேனும் சான்று காட்டியிருக்கலாம். காட்டவில்லை.

தமிழ் வழக்குப் பற்றி இங்கு ஒன்று கூறவேண்டும். நான்காம் விலக்கைக் குறிக்கும் 'போர்னேயா' என்னும் கிரேக்கச் சொல்லைப் பழைய புரொடஸ்டண்டு மொழிபெயர்ப்பு 'வேசித்தனம்' எனவும், 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'பரத்தைமை' எனவும் தருகின்றன. அகத்திணை மரபில் பயின்ற தமிழறிஞர்க்குப் பரத்தை என்றவுடன் மருதத்திணையின் பரத்தையிற் பிரிவே நினைவிற்கு வரும். லேவியர் நூல் 18ஆம் அதிகாரம் பேசுவதோ பெரும்பாலும் இரத்த உறவினர், மண உறவினர் ஆகியோருக்கிடையே விலக்கப்பட்ட உறவுகள். தந்தையின் மனைவியோடு வாழ்ந்தவனைப்பற்றிப் பேசுகையில் பவுல் ஆளும் சொல்லும் இதுவே. எனவே தமிழ்ச் சொல்லின் பொருளெல்லையைக் கொண்டு இவ்விலக்கை அளத்தல் கூடாது. 'நோமோஸ்' என்பதற்குப் பழைய மொழிபெயர்ப்பு ஆண்ட 'நியாயப்பிரமாணம்' என்னும் சொல்லும் இத்தகையதே. பிரமாணம் என்னும் தருக்கநூற் கலைச்சொல் அதனுள் அமைந்து, தோரா என்னும் எபிரேயச் சொல்லுக்குரிய போதனை, வழிகாட்டல் என்னும் பொருளை மறைத்துவிடுகிறது.

இரு வேறு பாடங்கள்

4ஆம் நூற்றாண்டைச் சார்ந்த வத்திக்கான் சுவடியும் சினாய் சுவடியும் நான்கு விலக்குகளையும் தருகின்றன. பேசா சுவடி எனப்படுவதில் நிலைமை வேறு. கிரேக்கமும் இலத்தீனும் எதிரெதிர்ப் பக்கங்களில் அமைந்த இச்சுவடி ஏறத்தாழ கி.பி. 400ஐ ஒட்டியது. தியோதோர் பேசா 1581இல் இதனைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற்கு அளித்தார். இதில் 'கழுத்து நெரிக்கப்பட்டுச் செத்தவை' என்பது இல்லை. அதற்கு மாறாக, தமக்கு நிகழக்கூடாதென ஒருவர் விரும்புவதைப் பிறர்க்குச் செய்யலாகாது என்னும் பொருளுடைய தொடர் சேர்க்கப்பட்டுள்ளது. இப்பாடம் சுவடியினும் பழமையானது. ஏறத்தாழ கி.பி. 180இல் எழுதிய இரனேயு இத்தொடரோடும், நெரிக்கப்பட்டவை என்பது இன்றியுமே இப்பகுதியை எடுத்தாள்கிறார். கார்த்தேசு நகரின் சிப்ரியானிடமும் இப்பாடம் காணப்படுகிறது.

ஒரு சொல்லை நீக்கி ஒரு தொடரைச் சேர்த்ததால் விளைந்தது சிறிதன்று. நெரிக்கப்பட்டவை என்பது நீங்கியபின் 'இரத்தம்' என்பதனை உணவோடு பிணைக்கும் சொல் அருகில் இல்லை. அது இரத்தம் சிந்துதல், அஃதாவது கொலை என்று பொருள்பட இடமாகிறது. சிலைகளுக்குப் படைத்தது என்பது சிலைவழிபாடு முழுவதையும் குறிப்பதாக விரிகிறது. பந்தி பற்றிய விதியாக இருந்தது, சிலைவழிபாடு, கொலை, ஒழுக்கக்கேடு என்னும் மூன்று பெரும்பாவங்களின் பட்டியலாகிவிட்டது. இறுதியில் சேர்ந்த தொடர் அதற்குப் பொது அறத்தின் முத்திரையை இட்டது.

இதற்கு நேர்மாறான திசையில் செல்லும் சான்றும் உண்டு. 3ஆம் நூற்றாண்டைச் சார்ந்த செஸ்டர் பீட்டி பாப்பிரசு ஒன்றில் யாக்கோபின் உரை வரும் இடத்தில் பரத்தைமை என்பது இல்லை. அதனைப் படிப்போர் தூய உணவு விதிகளையே காண்பர். ஒருவர் அறத்தை வைத்துக்கொண்டு உணவை நீக்கினார். மற்றொருவர் உணவை வைத்துக்கொண்டு அறத்தை நீக்கினார். இருவரையும் உறுத்தியது ஒன்றே. உணவும் ஒழுக்கமும் ஒரே பட்டியலில் எவ்வாறு நிற்கக்கூடும் என்பது அவர்களுக்கு விளங்கவில்லை. லேவியர் நூலை வாழ்க்கை முறையாகக் கொண்ட யாக்கோபிற்கு அவ்வாறு நிற்பது இயல்பானது. பாடபேத ஆய்வாளருள் பெரும்பாலோர் நான்கு விலக்குகள் கொண்ட பாடமே மூலம் என்று கொள்வதற்கும் இதுவே தக்க காரணம். கலவையான பட்டியலிலிருந்து இரு சீரான பட்டியல்கள் தோன்றுதல் எளிது. சீரானதிலிருந்து கலவை தோன்றுதற்குக் காரணம் காட்டல் அரிது.

அறமாக்கப்பட்ட பாடம் யூத மரபிலிருந்து விலகிய பாடம் என்று கொள்வதும் பொருந்தாது. உயிருக்கே இடர் வரினும் மீறக்கூடாதவை சிலைவழிபாடு, தகாத பாலுறவு, கொலை ஆகிய மூன்றே என்று லித்தா நகரில் ரபிமார் முடிவுசெய்ததைப் பாபிலோனியத் தால்மூதின் சன்கெத்ரின் பகுதி கூறுகிறது. ஆய்வாளர் இதனை ஹாத்ரியன் பேரரசன் காலத்து அடக்குமுறையோடு தொடர்புபடுத்துவர். பேசா சுவடியின் மூன்று பாவங்கள் இவையே. சேர்க்கப்பட்ட தொடரும் அவ்வாறே. ஒற்றைக்காலில் நிற்கும் நேரத்திற்குள் தோரா முழுவதையும் கற்பிக்கும்படி கேட்ட பிற இனத்தானுக்கு ஹில்லேல் கூறிய விடையாகத் தால்மூது தருவது இதே கருத்துத்தான். எஞ்சியவை விளக்கவுரை, சென்று கற்பாயாக என்றும் ஹில்லேல் அவனிடம் கூறினார். கிறித்தவப் படியெடுப்போர் விடையின் முற்பகுதியோடு ஒத்ததைச் சேர்த்தனர். சென்று கற்கவேண்டிய எஞ்சிய பகுதி அவர்களிடம் இல்லை.

இரத்தம் உண்ணாதோர்

சுவடிகளில் பாடம் மாறிவந்த அதே காலத்தில் நடைமுறை வேறாக இருந்தது. கி.பி. 177இல் காலியா நாட்டு லியோன் நகரில் கிறித்தவர் துன்புறுத்தப்பட்டனர். குழந்தைகளைத் தின்பவர்கள் என்பது அவர்கள்மீது சாற்றப்பட்ட பழிகளுள் ஒன்று. முன்பு நம்பிக்கையை மறுதலித்திருந்த பிப்லிஸ் என்னும் பெண், வதைக்கப்பட்டபோது அப்பழியை மறுத்துப் பேசினாள். விலங்கின் இரத்தத்தையே உண்ண அனுமதியில்லாதவர்கள் குழந்தைகளை எங்ஙனம் உண்பர் என்பது அவள் கேள்வி. யூசேபியுஸ் தம் திருச்சபை வரலாற்றில் இதனைக் காத்து வைத்துள்ளார். நூலறிவு காட்டும் நோக்கமின்றி, வதைக்களத்தில் ஒரு பெண் கூறிய இச்சொல்லே அக்கால வழக்கத்திற்குச் சிறந்த சான்றாகும்.

ஏறத்தாழ கி.பி. 197இல் தெர்த்துல்லியன் எழுதிய எதிர்வாத நூலும் இதனையே கூறுகிறது. கிறித்தவரைச் சோதிக்க உரோமையர் இரத்தம் அடைத்த குடற்பண்டத்தை முன்வைத்தனர் என்றும், அதனை அவர்கள் உண்ணார் என்பது எதிரிகட்கே தெரியும் என்றும் அவர் வாதிடுகிறார். இதே தெர்த்துல்லியன் பின்னாளில் கற்பொழுக்கம் பற்றி எழுதிய நூலில், எருசலேம் தீர்மானத்தைச் சிலைவழிபாடு, ஒழுக்கக்கேடு, கொலை என்னும் மூன்றாகப் படித்து, இம்மூன்றிற்கும் திருச்சபை மன்னிப்பு வழங்க இயலாது என்று நிறுவ முற்படுகிறார். ஒருவரிடமே இரு பொருள்களும் நின்றன. இரத்தத்தை உண்ணாமையும் இரத்தம் சிந்தாமையும் ஒன்றையொன்று விலக்குவனவாக அவருக்குத் தோன்றவில்லை.

இரு நூற்றாண்டுகட்குப் பின் வடஆப்பிரிக்காவிலேயே காட்சி மாறிவிட்டது. மானிக்கேயராகிய ஃபவுஸ்துவுக்கு எதிராக எழுதிய நூலில் அகுஸ்தீன் எருசலேம் தீர்மானத்தை எடுத்துக்கொள்கிறார். யூதரும் பிற இனத்தாரும் ஒரே கட்டடத்தின் இரு சுவர்களாக இணைந்த காலத்திற்கு அது பொருந்தியது என்பது அவர் விளக்கம். இரத்தம் வடிக்கப்படாத சிறு பறவையையோ, கழுத்தில் கையால் அடித்துக் கொல்லப்பட்ட முயலையோ தொடமாட்டேன் என்று எந்தக் கிறித்தவன் இப்பொழுது கூறுகிறான் என வினவும் அவர், இன்னும் அஞ்சும் சிலரைப் பிறர் எள்ளி நகைக்கின்றனர் என்றும் எழுதுகிறார். விலக்கை நீக்கும் ஆணை எதனையும் அவர் சான்று காட்டவில்லை. வழக்கம் மாறியபின் விளக்கம் வந்தது.

கீழைத் திருச்சபை இவ்வழியே செல்லவில்லை. 4ஆம் நூற்றாண்டின் கங்ரா சங்கம், இறைச்சி உண்போரைப் பழிப்பவரைக் கண்டித்தபோதும், இரத்தம், நெரிக்கப்பட்டவை, சிலைக்குப் படைத்தவை ஆகியன நீங்கிய இறைச்சி என்றே வரையறுத்தது. 692இல் கான்சுதாந்திநோபிளில் கூடிய துருல்லோ சங்கத்தின் 67ஆம் விதி, விலங்கின் இரத்தத்தை உணவாக்கி உண்ணும் குருவைப் பதவிநீக்கவும் பொதுநிலையினரை விலக்கிவைக்கவும் ஆணையிட்டது. ஒரே மடலிலிருந்து கிழக்கில் சட்டமும் மேற்கில் உவமையும் பிறந்தன எனலாம்.

வினா தலைகீழானமை

இவ்வரலாற்றில் மிகவும் வருந்தத்தக்க பகுதி உணவு பற்றியது அன்று. எருசலேமில் யூதர் கூடி, பிற இனத்தார் சட்டமின்றி உள்ளே வரலாம் என்று கதவைத் திறந்தனர். நாளடைவில் உள்ளே வந்தோரே பெரும்பான்மையாயினர். ஏறத்தாழ கி.பி. 160இல் யுஸ்தீன், திரிபோ என்னும் யூதரோடு நிகழ்த்தியதாக எழுதிய உரையாடலில் வினா தலைகீழாகக் கேட்கப்படுகிறது. கிறித்துவை ஏற்ற யூதன் சட்டத்தையும் கைக்கொள்வானாயின் மீட்படைவானா? பிறரை வற்புறுத்தாதவரையில் மீட்படைவான் என்று தாம் கருதுவதாக யுஸ்தீன் விடையளிக்கிறார். அத்தகையோருடன் பழகவும் மறுக்கும் கிறித்தவர் உளர் என்பதையும் ஒப்புக்கொள்கிறார்.

404ஐ ஒட்டி ஜெரோம் அகுஸ்தீனுக்கு எழுதிய மடலில் அந்த இடைவெளியும் மூடப்பட்டது. பேதுருவைப் பவுல் கண்டித்தது பற்றிய விவாதத்தினிடையே, யூதராகவும் கிறித்தவராகவும் இருக்க விரும்புவோர் இரண்டுமே அல்லர் என்னும் கருத்தை அவர் வெளியிட்டார். அந்த அளவுகோலால் அளந்தால் யாக்கோபும் அவரைச் சூழ்ந்திருந்த எருசலேம் சபையாரும் கிறித்தவராகத் தேறார். 787இல் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம், மனம் மாறியதாகக் காட்டிக்கொண்டு மறைவில் ஓய்வுநாளைக் கடைப்பிடிக்கும் யூதரை ஏற்கலாகாது என்று விதித்தது.

மூவகைப் பாகுபாடு

அறம், சடங்கு, நீதிமுறை என்னும் மூவகைப் பாகுபாட்டிற்கு முழு வடிவம் தந்தவர் 13ஆம் நூற்றாண்டின் தாமஸ் அக்குவினாஸ். இறையியல் தொகையில் பழைய சட்டத்தை விரிவாக ஆராயும் அவர், அறக்கட்டளைகள் இயல்பறிவால் அறியப்படுவன என்றும் ஆதலின் என்றும் நிலைப்பன என்றும் நிறுவுகிறார். இங்கு யூத அறிஞர் மைமோனிதசை 'ரபி மோசே' என்று பெயர் சுட்டி எடுத்தாள்கிறார். சடங்கு விதிகளாவன காரணம் வெளிப்படாதவை என்னும் கருத்தை மைமோனிதசினுடையதாகவே தருகிறார். இத்தகைய வேறுபாடு யூத மரபிலும் பண்டே உண்டு. எழுதப்பட்டிராவிடினும் எழுதப்பட்டிருக்க வேண்டியவை, காரணம் கேட்டு எள்ளப்படுபவை என இரு வகைகளைத் தால்மூதின் யோமா பகுதி கூறுகிறது; 10ஆம் நூற்றாண்டில் சாதியா காவோன் அதனை வளர்த்தார். ஆயின் அங்கு அது காரணம் புலப்படுவதும் புலப்படாததும் பற்றிய வேறுபாடு மட்டுமே. கட்டுப்படுத்தும் வலிமையில் இரண்டும் ஒன்றே. அக்குவினாஸ் அவ்வேறுபாட்டை வாங்கி, அதனையே நிலைப்பதற்கும் நீங்குவதற்கும் உரிய அளவுகோலாக மாற்றினார்.

அளவுகோல் எங்கும் பொருந்தவில்லை. பத்துக் கட்டளைகளுக்குள்ளேயே ஓய்வுநாள் இருந்தது. இறைவனுக்கென நேரம் ஒதுக்குதல் என்னும் அளவில் அது அறம், ஏழாம் நாள் என்னும் அளவில் சடங்கு என்று ஒரே கட்டளையை அக்குவினாஸ் இரண்டாகப் பிளக்கவேண்டியதாயிற்று. எருசலேம் தீர்மானத்திலோ உணவோடு ஒழுக்கம் கலந்து நின்றது. பிற இனத்தார் பரத்தைமையைப் பாவமெனக் கருதாமையால் அது தனித்துச் சொல்லப்பட்டது, உணவு விலக்குகள் இருசாராரும் ஒன்றி வாழ்தற்பொருட்டு வந்தன என்பது அவர் தந்த விடை. திறமையான விடைதான். எனினும் பட்டியலைத் தந்தவர் எண்ணியிராத காரணம் அது. 1525இல் லூத்தர் இந்நுட்பங்களையெல்லாம் தவிர்த்து, மோசேயின் சட்டம் யூதரின் நாட்டுச்சட்டம், சாக்சனி நாட்டார்க்குரிய சட்டநூல்போன்றது என்று கூறிவிட்டார். இயல்பறத்தோடு ஒத்தவை மட்டுமே பிறர்க்கும் உரியன என்பது அவர் நிலைப்பாடு.

1442இல் ஃபுளோரன்சு சங்கம் எகிப்தின் கோப்துத் திருச்சபையோடு இணைவு கண்டபோது வெளியிட்ட ஆணையில், எருசலேம் தீர்மானத்தின் உணவு விலக்குகள் அக்காலத்திற்கு உரியன, காரணம் நீங்கியதால் அவையும் நீங்கின என்று முறையாக அறிவிக்கப்பட்டது. அகுஸ்தீன் குறித்த எள்ளல் ஆயிரம் ஆண்டுகட்குப் பின் ஆணையாயிற்று.

கோப்துத் திருச்சபையோடு இணைந்திருந்த எத்தியோப்பியாவில் விருத்தசேதனமும் சனிக்கிழமை ஓய்வும் நீடித்தன. அங்குச் சென்ற இயேசு சபையினர் இவற்றை யூதமயம் என்று குற்றஞ்சாட்டினர். அரசர் கலாவ்தேவோஸ் 1555இல் ஒரு நம்பிக்கை அறிக்கையால் விடையிறுத்தார். தாங்கள் ஓய்வுநாளை ஆசரிப்பது யூதரைப்போல் அன்று, அந்நாளில் நற்கருணை கொண்டாடுகிறோம் என்றார். பன்றியிறைச்சியை விரும்பாதவர் உண்பதில்லை, விரும்புவோரைத் தடுப்பதும் இல்லை என்றார். விருத்தசேதனத்திற்கு அவர் காட்டிய ஒப்புமை நம் நாட்டைச் சார்ந்தது. அது நாட்டு வழக்கம். எத்தியோப்பியரும் நூபியரும் முகத்தில் கீறிக்கொள்வது போன்றது, இந்தியர் காது குத்திக்கொள்வது போன்றது என்று அவர் எழுதினார். தம் முன்னோர் வழிவழியாகக் காத்ததைக் கிறித்தவ உலகின்முன் காப்பாற்ற முனைந்த அவ்வரசர், அது திருச்சட்டம் என்று மட்டும் கூறவில்லை.